எங்கள் சங்கத் தலைமைக்கு: முதலில் எங்களிடம் பேசுங்கள்

நிர்வாகக் குழுத் தோழர்களுக்கு வணக்கம்.

பதினான்கு வருடமாகச் சந்தா கட்டும் உறுப்பினர் எழுதுகிறேன். சங்கம் இல்லாவிட்டால் எங்கள் கதி என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான், அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் பேச்சுவார்த்தை முறிந்த அன்று, இருட்டுவதற்குள் கம்பெனி அனுப்பிய செய்தி எல்லோர் போனிலும் வந்துவிட்டது. எவ்வளவு தருவதாகச் சொன்னார்கள், சங்கம் எதை மறுத்தது, எல்லாம் நாலே வரியில். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தர்றேன்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஊக்கத்தொகையை வெட்டித்தான் அந்த உயர்வில் பாதியைத் தருகிறார்கள் என்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் தகவல் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே மங்கிப்போன தாள் அது, "மேற்படி கோரிக்கை சாசனத்தின் 7-வது சரத்து தொடர்பாக" என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே, நாம் பேசுகிற தமிழில், நாலு வரி போட்டிருந்தால் அந்த மூன்று நாளும் கேன்டீனில் ஓடிய வதந்திகளுக்கு வேலையே இருந்திருக்காது.

மேசையில் எது வரை இறங்குவோம் என்பதை வெளியே சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது சொல்லக் கூடாததுதான். ஆனால் எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை எங்களிடம் மட்டும் மறைத்து என்ன பயன்?

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பீர்கள். அதில் அட்மின் மட்டும்தான் பேச முடியும். பிறந்தநாள் வாழ்த்து வருகிறது, கூட்டத்தின் படம் வருகிறது, நாங்கள் ஒரு கேள்வி கேட்க வழியில்லை. வாயிற்கூட்டம் எப்போதும் காலை ஷிப்ட் தொடங்கும்போது, அதாவது இரவு வேலை முடித்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும் நேரத்தில். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கோ தகவல் சொல்லவே ஆள் கிடையாது.

முதலில் உறுப்பினர்களைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1997-இல் அமெரிக்காவில் யுபிஎஸ் என்ற பார்சல் கம்பெனியின் தொழிலாளர்கள் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பல மாதம் முன்பே அவர்களுடைய சங்கமான டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எது முக்கியம் என்று கேட்டது, பகுதிநேர வேலைதான் பெரிய வலி என்று தெரிந்ததும் அதையே முன்னால் வைத்தது. பார்சல் வராமல் தவித்த ஜனங்களிலேயே 55 சதவீதம் பேர் தொழிலாளிகள் பக்கம், 27 சதவீதம்தான் கம்பெனி பக்கம் என்று காலப் கருத்துக்கணிப்பு சொன்னது, ஏனென்றால் பகுதிநேர வேலையில் மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர் அவரவர் வீட்டிலும் இருந்தார்கள். கடைசியில் பகுதிநேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர வேலைகளை உருவாக்க கம்பெனி ஒப்புக்கொண்டது.

எல்லோர் கையிலும் போன் இல்லாத காலத்திலும் ஜனங்களுக்குப் புரியும்படி சொல்லி ஜெயித்திருக்கிறார்கள். 1889 லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தில் தொழிலாளிகள் கேட்டது மணிக்கு ஆறு பென்ஸ் (அந்த ஊர்ச் சில்லறைக் காசு) கூலி, அதைச் சின்னக் குழந்தைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். பணக்காரர்கள் நடமாடும் தெருக்கள் வழியாகத் தினமும் ஊர்வலம் போனார்கள், தாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று காட்ட அழுகிய மீன் தலையையும் வெங்காயத்தையும் கழியில் குத்தித் தூக்கிக்கொண்டு. ஐந்து வாரத்தில் அந்த ஆறு பென்ஸ் கிடைத்தது.

நம்முடைய கடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வாசலில் நின்று, "எதுக்குப்பா நிக்கிறீங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். நாங்கள் நாலு பேர் நாலு பதில் சொன்னோம், ஒருவன் பதினாறு கோரிக்கை அச்சடித்த நோட்டீஸை நீட்டினான். அவர் இரண்டு வரி படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், போய்விட்டார். நம் பக்கம் நின்றிருக்க வேண்டிய மனிதர் அவர். இன்றைக்கும் அது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்னால் மூன்று ஷிப்டிலும் கூட்டம் போடுங்கள், ஒப்பந்தத் தொழிலாளிகளையும் கூப்பிடுங்கள், நீங்கள் பேசுவதற்கு முன் அரை மணி நேரம் எங்களைப் பேச விடுங்கள். பேச்சுவார்த்தை முடிந்த அன்று இரவே என்ன நடந்தது என்று நாலு வரி அனுப்புங்கள், ஒன்றும் முடியவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். குழுவில் நாங்களும் பேசும்படி திறந்துவிடுங்கள், திட்டு விழும், பரவாயில்லை. அந்த நாலு வரி எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஷிப்ட் முடிந்து நான் வந்து உட்காருகிறேன்.

தோழமையுடன்,
இரண்டாம் ஷிப்டிலிருந்து ஓர் உறுப்பினர்