பேரனுக்கு எடுக்காத சிடி ஸ்கேன்

செம்பூர், மும்பை

அன்புள்ள பாலு,

திண்ணையிலிருந்து விழுந்த பேரன் மறுநாளே பந்து விளையாடினான் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "நான்கு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிடி ஸ்கேன் கூட எடுக்காமல் அனுப்பிவிட்டார்" என்று அந்த டாக்டர் மேல் கோபப்பட்டிருக்கிறாய். அவரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல். சிடி என்பது எக்ஸ்-ரே கதிர்களால் எடுக்கும் ஸ்கேன். அதற்கு எழுதிக்கொடுப்பது எளிது. காத்திருந்து கவனிப்பதற்குத்தான் துணிவு வேண்டும். குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிபவை, அவன் வாழவேண்டிய ஆண்டுகளும் அதிகம். அதனால் கதிர்வீச்சு அவனை நம்மைவிடக் கூடுதலாகப் பாதிக்கும்.

முப்பது ஆண்டுகள் எக்ஸ்-ரே அறையில் வேலை செய்தவன் நான். சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் இல்லாமல் உள்ளே போனதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி, என் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று கணக்குப் பார்ப்பார்கள். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். எங்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்று வரம்பும் உண்டு. மேசையில் படுத்திருந்த நோயாளிக்கு பேட்ஜும் இல்லை, வரம்பும் இல்லை. அவருக்கு எது தேவையோ அதை டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்த முடிவை யோசித்து எடுக்கவேண்டுமே!

என் தங்கைக்குப் போன மாதம் வயிற்று வலி. ஒரு மருத்துவமனையில் சிடி எடுத்தார்கள். பத்து நாள் கழித்து இன்னொரு மருத்துவமனைக்குப் போனபோது, கையில் இருந்த முதல் ஸ்கேனின் குறுந்தகட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மறுபடி எடுத்தார்கள். வயிற்று சிடி ஒன்றுக்குச் சுமார் 8 மில்லிசீவர்ட். நெஞ்சு எக்ஸ்-ரேக்கு 0.1 தான். மண்ணும் காற்றும் வானமும் சேர்ந்து நமக்கு ஓர் ஆண்டில் தருவதே உலகச் சராசரியாக 2.4. நான் கூடப் போயிருந்தால் தடுத்திருப்பேன் என்று இன்னும் மனம் ஆறவில்லை.

யோசித்து எடுத்தால் குறைக்கலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பார். அங்கே மருத்துவத்தால் வரும் கதிர்வீச்சு தலைக்கு ஆண்டுக்கு 0.53 மில்லிசீவர்ட்டாக இருந்தது, 1980-களின் தொடக்கத்தில். 2006-இல் அது 3 ஆயிற்று. பிறகு விழித்துக்கொண்டார்கள், 2016-இல் சுமார் 2.2-க்கு இறங்கியது.

உன் மனைவிக்குச் சிறுநீரகக் கல் என்று எழுதியிருந்தாய். முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேள். அதில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது. சிடி அவசியம் என்றால் தயங்காமல் எடு, கல்லுக்குக் குறைந்த அளவு கதிர்வீச்சிலேயே எடுக்கலாம் என்பதை மட்டும் நினைவுபடுத்து.

பொங்கலுக்கு வருகிறேன். உன் பீரோவில் கிடக்கும் பழைய பிலிம்களையெல்லாம் எடுத்து வை. தேதிவாரியாக அடுக்கி ஒரே பையில் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ராமு