பள்ளிக்கொடி தயாரிப்பில் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பள்ளிக் கொடிக்கம்பத்துக்கான 1350 × 900 மி.மீ. தேசியக்கொடியும், பிள்ளைகள் கையில் பிடிக்க 150 × 100 மி.மீ. கொடிகளும் தயாராகிவிட்டன. உதவியவர்களை விழா மேடையில் ஒரே வரியில் சொல்லி முடிப்பது நியாயமில்லை. யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதோடு சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் நன்கொடையாளர்களுக்கு. செலவை ஏற்றுக்கொண்டும், கொடியில் பெயர் போடக் கேட்காதவர்கள் அவர்கள். 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி கொடியில் எந்த எழுத்தும் கூடாது. பள்ளிப் பெயருக்கும் அதே விதிதான். ஏற்றும்போது மடிப்புக்குள் பூ வைக்க மட்டும் சட்டமே இடம் தருகிறது.

சக்கரத்தை வரைந்து கொடுத்த டிசைனர் தம்பிக்கு நன்றி. பெரிய கொடியில் சக்கரத்தின் விட்டம் 280 மி.மீ. அதே கோப்பை அப்படியே சுருக்கினால் கைக்கொடியில் 31 மி.மீ. வரும், தர நிர்ணய அளவோ 25 தான். அதனால் இரண்டையும் தனித்தனியாகவே வரைந்தார். 24 ஆரக்கால்கள், 15 பாகைக்கு ஒன்று. சின்னதில் மை சற்றுப் பரவினாலும் நடுவில் கால்களெல்லாம் ஒட்டி ஒரே நீலப் பொட்டாகிவிடும்.

ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை அண்ணன்களுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறோம். சக்கரம் இரு பக்கமும் முழுதாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அடித்து, மை ஊறி மறுபக்கம் தெரியட்டும் என்று விட்டால் பின்பக்கம் வெளிறித்தான் இருக்கும். அவர்கள் குறி வைத்து இரு பக்கமும் அடித்தார்கள். இரண்டு மி.மீ. விலகினாலும் வெயிலில் பிடித்தால் வட்டம் இரட்டையாகத் தெரியும். முதல் பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே துணியைத் திருப்பினார்கள். பாலியஸ்டருக்கு அதிகச் சூடு காட்டினால் துணி சுருங்கிச் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும் என்பதால் காற்றிலேயே உலர்த்தினார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தை முன்மொழிந்த நேரு, முந்தைய கொடியில் இருந்த ராட்டைக்குப் பதில் சக்கரம் வந்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றே இதுதான்: கொடியின் சின்னம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ராட்டை அப்படி அமையாது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கிய சமூக அறிவியல் ஆசிரியைக்கும் நன்றி. மூன்று நிறத்துக்கு மூன்று மதம் என்று மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. அன்று சபையில் ராதாகிருஷ்ணன் சொன்னதோ காவிக்குத் துறவு, வெள்ளைக்கு ஒளி, பச்சைக்கு மண்ணும் பயிரும், சக்கரத்துக்கு அறமும் இயக்கமும்.

தையல் அக்காவின் கணக்கையும் சொல்லியாக வேண்டும். முடிந்த கொடியில் ஒவ்வொரு பட்டையும் 300 மி.மீ. மூன்றையும் ஒரே அகலத்தில் வெட்டினால், வெளி ஓரத்தை இரண்டாக மடித்துத் தைக்கும்போது காவியும் பச்சையும் மெலிந்துவிடும். அதனால் வெள்ளையை 320-க்கும் மற்ற இரண்டை 330-க்கும் வெட்டினார். காற்றில் முதலில் பிய்வது பறக்கும் பக்க மூலைகள்தான். அங்கே கூடுதலாக ஒரு தையல். மேல் கயிற்றில் மரக்கட்டை, கீழே வெறும் கண்ணி. இருட்டில் கட்டினாலும் காவி கீழே போகாது.

விழா முடிந்ததும் கைக்கொடிகளைத் தரையில் போடாமல் வாயிலில் உள்ள பெட்டியில் சேர்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
பள்ளி மேலாண்மைக் குழு