கூடவே நடந்த பள்ளிக்கூடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சோவியத் ஆட்சிக் காலத்தில் கஜகஸ்தானின் கஜாக் பெண்கள் பெற்ற கல்வி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்தறிவுக் கணக்கோடு முடித்துவிட்டீர்கள். அந்தப் படிப்பு அவர்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆடு, குதிரைகளோடு மேய்ச்சல் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்த மக்கள் அவர்கள். ஓரிடத்தில் பள்ளி கட்டி வைத்தால் யார் வருவார்கள்? அதனால் 1920களில் பள்ளியே கூடாரமாகி அவர்கள் பின்னால் போனது. 'செங்கூடாரம்' என்று பெயர். அங்கே எழுத்து, தையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம், சட்டமும். பெண்ணுக்கு விலையாகக் கால்நடை வாங்கும் 'கலிம்' வழக்கம் அதற்கு முன்பே தடை செய்யப்பட்டிருந்தது. விதவையைக் கணவனின் சகோதரனுக்கே கட்டிவைக்கும் வழக்கத்துக்கும் சட்டம் குறுக்கே நின்றது. ஆனால் அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாதவளுக்கு அதனால் என்ன பயன்? செங்கூடாரத்தில்தான் பலருக்கும் அது தெரியவந்தது.

நான் முதியோர் கல்வி வகுப்பு எடுத்தவள். நாற்பது வயதில் முதன்முதலாகப் பென்சில் பிடிக்கும் கை எப்படி நடுங்கும், ஒரு எழுத்துக்கு எத்தனை முறை அழித்து எழுதுவார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கஜாக் மொழியை அரபு எழுத்திலிருந்து 1929இல் லத்தீனுக்கு மாற்றினார்கள். 1940இல் அதையும் மாற்றி, ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தாக்கினார்கள். கஷ்டப்பட்டுக் கற்ற பெண்கள் திரும்பவும் முதல் எழுத்திலிருந்து தொடங்கியிருப்பார்கள். அந்த உழைப்பை நினைத்தால் மனம் கனக்கிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பஞ்சம். பள்ளி நடத்திய அதே சோவியத் அரசு கால்நடைகளைப் பறித்து, மக்களைக் கட்டாயமாகக் குடியமர்த்தியதில் 1930–33இல் சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள். படிப்பைப் பாராட்டும்போது இதை மறைக்கக் கூடாது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மன்ஷுக் மமெத்தோவா என்ற கஜாக் பெண், இரண்டாம் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கியோடு போர்முனைக்குப் போய், 1943இல் ரஷ்யாவின் நெவெல் அருகே 20 வயதில் உயிர்விட்டார். அவரை வளர்த்த தந்தையோ 1937இல் அதே அரசால் கைதானவர். அந்த அரசு தந்த படிப்பு, அதன் கொடுமை, அந்த ஒரு வீட்டிலேயே இரண்டும் இருந்தன.

அந்தப் போர் முடியும் முன்பே, 1944இல், கஜகஸ்தானின் அன்றைய தலைநகர் அல்மா-அத்தாவில் பெண்களுக்கென்றே ஆசிரியர் கல்லூரி திறந்தார்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

இன்னொன்று. படிப்பின் மீதான ஆசையை மாஸ்கோ கொண்டுவந்து கொடுக்கவில்லை. 1917 புரட்சிக்கு முன்பே ஆசிரியையாக இருந்து, பத்திரிகைகளிலும் எழுதியவர் நாசிபா குல்ஜனோவா என்ற கஜாக் பெண். அடுத்த இதழில் அவரைப் பற்றி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்