கடைசி வரிசையில் யார் உட்காருவது?

கோவை
கார்த்திகை 12

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்துக் காட்டினேன். “இனி அவர் பேப்பரை மூக்கோடு ஒட்டிப் படிக்க வேண்டியதில்லை” என்றார் அம்மா. சின்னவளுக்குக் காலேஜ் பிடித்துவிட்டதா, இன்னும் தினமும் போன் போட்டு அழுகிறாளா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். “நீதான் இரும்பும் மெஷினுமாகக் கிடப்பவன். ஏழு பேர் போகிற மாதிரி பெரிய வண்டி, நல்ல வண்டி எதுவென்று ஒரே வரியில் சொல்” என்று எழுதியிருந்தாய். ஒரே வரியில் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் இழுத்துவிட்டது. நானும் இரண்டு மாதமாக அதே வேலையாகத்தான் திரிகிறேன்.

எங்கள் அப்பாவின் வெள்ளை அம்பாசடர் உனக்கு ஞாபகம் இருக்கும். ஹாஸ்டலில் என்னை விட வந்தபோது நீயும் ஏறி ஒரு ரவுண்டு வந்தாய். முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு, ஸ்டியரிங் ஓரத்தில் கியர். காங்கேயத்துக்குப் பக்கத்தில் குலதெய்வம் கோயிலுக்கு அதில் ஒன்பது பேர் போயிருக்கிறோம். பின் சீட்டில் நடுவே தரையில் ஒரு மேடு இருக்குமே, அந்த இடம் எப்போதும் எங்கள் அத்தைக்குத்தான். அப்பாவின் தங்கை. மாமா போன பிறகு எங்களோடேயே இருக்கிறார். அந்த மேட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வருவார். ஒரு நாளும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

இப்போது வீட்டில் கணக்கு இது: நான், வசந்தி, அம்மா, அத்தை, மகள், மாப்பிள்ளை, இரண்டு வயதுப் பேத்தி. ஏழு. பையன் சென்னையிலிருந்து வந்தால் எட்டு. அவனைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிடலாம்.

முதல் ஷோரூமில் என்ன நடந்தது தெரியுமா? எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. வண்டி பளபளவென்று நிற்கிறது. தோல் சீட்டு, கண்ணாடிக் கூரை, மசாஜ். நானும் மாப்பிள்ளையும் முன்னால் உட்கார்ந்து பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி மாற்றி ஒரு வருஷம்தான் ஆகிறது, அவர் நடுவரிசை. அத்தையை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. அவராகவே புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கடைசி வரிசைக்குள் நுழைந்துவிட்டார். சேல்ஸ் தம்பி நடுசீட்டைப் பின்னால் தள்ளினான். அது பாதியில் நின்றுகொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. பத்து நிமிஷம். ஏசிக் குளிரிலும் அந்தத் தம்பிக்கு வியர்த்து ஊற்றுகிறது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது: “பரவால்ல கண்ணு, அவசரமில்ல. காத்து நல்லாத்தான் வருது.”

வசந்தி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரே கேள்விதான். கோடி ரூபாய் கொடுத்து வாங்குகிற வண்டியிலும் அந்த மேடு அத்தைக்குத்தானா?

அதிலிருந்து பார்க்கிற முறையே மாறிவிட்டது. எந்த ஷோரூம் போனாலும் டிரைவர் சீட்டுப் பக்கம் போகாமல் நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்காருவேன். உட்கார்ந்தால் ஒன்று புரியும். சீட்டு அகலம் ஒரு பிரச்சினையே இல்லை, தரைதான் பிரச்சினை. பின் சக்கரத்தின் சாமான், சஸ்பென்ஷன் எல்லாம் அங்கேதான் கீழே அடைந்து கிடக்கிறது. அதனால் தரை உயர்ந்துவிடுகிறது. சீட்டை அதற்கேற்ற மாதிரி உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். உயர்த்தாவிட்டால் முட்டி தாடைக்கு வரும், தொடை சீட்டில் படியாது, முழுப் பாரமும் இடுப்பில் இறங்கும். அரைமணி நேரத்தில் தெரியாது. பல்லடம் தாண்டினால் தெரியும்.

நான்கு வண்டி பார்த்தோம். ஆடி க்யூ7-ல் மூன்று லிட்டர் வி6 பெட்ரோல் இன்ஜின், 340 குதிரைத்திறன். ஓட்டுகிறவனுக்கு அது வெல்லக்கட்டி. மற்ற மூன்றையும்விட விலையும் குறைவு. ஆனால் கடைசி வரிசை குழந்தைகளுக்கென்றே செய்தது என்பது என் தீர்ப்பு. மெர்சிடிஸ் ஜிஎல்எஸ்தான் உண்மையான ஏழு சீட்டு. 1.94 மீட்டர் உயரமுள்ளவர் மூன்றாவது வரிசையில் உட்காரலாம் என்று கம்பெனியே சொல்கிறது. மாப்பிள்ளை ஆறடி இரண்டங்குலம், உட்கார வைத்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. பிஎம்டபிள்யூ எக்ஸ்7-ம் கிட்டத்தட்ட அதே சாதி. அது நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பூட்டப்படுகிற வண்டி என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமையும் உண்டு. இந்த இரண்டிலும் நடுசீட்டு மோட்டாரில் நகர்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டு அது ஊர்ந்து முடிகிற வரை நிற்க வேண்டும். மழையில் குடையோடு நின்று பார்த்தால் அதன் அழகு தெரியும்.

அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போர்ட்டிகோவை அளந்தேன். தூணிலிருந்து சுவர் வரை 17 அடி. அதாவது 5.18 மீட்டர். எக்ஸ்7-ன் நீளம் எவ்வளவு தெரியுமா? 5.18 மீட்டர்! நூல் பிடித்து அளந்து கட்டிய மாதிரி. ஜிஎல்எஸ் 5.2 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. மூக்கு மழையில் நனையும். “தூணை இடிச்சுப் போடலாங்க” என்றார் மேஸ்திரி, உற்சாகமாக. அவருக்கென்ன.

நான்காவது வால்வோ எக்ஸ்சி90. இப்போது ஓடுகிற உருவம் 2014-ல் வெளியானது, நடுவில் முகத்தைத் திருத்தியிருக்கிறார்கள். பழைய வண்டிதான். 250 குதிரைத்திறன், நாலு சிலிண்டர், நான்கிலும் குறைந்த இன்ஜின் இதுதான். நீளம் 4.95 மீட்டர், போர்ட்டிகோவில் அடங்கும். கடைசி வரிசை 170 சென்டிமீட்டர் வரை உயரமுள்ளவர்களுக்கு என்று அவர்களே நேர்மையாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். மற்ற ஷோரூம்களில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டு முட்டியை மடக்கச் சொல்கிறார்கள். நிறுத்தினால் ஏர் சஸ்பென்ஷன் வண்டியைத் தாழ்த்திக்கொடுக்கிறது. அம்மா கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, யார் தோளும் இல்லாமல் ஏறிவிட்டார். இறங்கிவிட்டு, இன்னொரு தடவை ஏறிக் காட்டினார்.

இடையில் ஒரு சபலம். கியா கார்னிவல் மாதிரி, டொயோட்டா வெல்ஃபயர் மாதிரி வண்டி வாங்கினால் இந்தத் தொல்லையே கிடையாது. தரை தாழ்வு, கதவு பக்கவாட்டில் நகரும். அத்தை வாசல்படி ஏறுவது போல ஏறுவார். உண்மையைச் சொன்னால் சரியான விடை அதுதான். மச்சான் கேட்டுவிட்டு, “கல்யாண வேன் வாங்கறீங்களா மாமா?” என்றான். அதோடு வசந்தி அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. பெரிய வண்டி வாங்குவதில் பாதி காரணம் முட்டியும் முதுகும் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ பார்க்கப் போகும்போது மறக்காமல் இரண்டு விஷயம் கவனி. ஒன்று, குழந்தை சீட்டு. நடுவரிசை ஓரத்தில் ஐசோஃபிக்ஸ் என்று குழந்தை சீட்டுக்கென்றே இருக்கிற கொக்கியில் அதை மாட்டிவிட்டால் அந்தப் பக்கத்து சீட்டை மடக்கிப் பின்னால் போக முடியாது. அதனால் டிரைவருக்குப் பின்னால், வலப்பக்கம் மாட்டு. இடப்பக்கம், நடைபாதைப் பக்கம், பெரியவர்கள் ஏறுவதற்கு இருக்கட்டும். குழந்தையை ரோட்டுப் பக்கம் நின்று தூக்க வேண்டிவரும், அது ஒரு குறைதான். நான் இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு, ஜன்னலோரத் திரை ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை நீள்கிறதா என்று வாய்விட்டுக் கேள். பெல்ட்டை எல்லோரும் போட வேண்டும், கடைசி வரிசையும் சேர்த்து. 2022-ல் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் போனது பின் சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் என்று போலீஸ் சொன்னதே. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த மூன்று முனை பெல்ட், வால்வோவில் நில்ஸ் போலின் என்கிற இன்ஜினியர் 1959-ல் கொண்டுவந்தது. காப்புரிமையை வைத்துக் காசு பண்ணாமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த விட்டுவிட்டார்கள். இதை நான் அம்மாவுக்குச் சொல்லப் போய், இப்போது பெல்ட் மாட்டும்போதெல்லாம் “அந்த மவராசன்” என்கிறார்.

சாமான் இடத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் மிச்சம் ஒரு ஒட்டுத்திண்ணைதான். பெரியவன் ஜிஎல்எஸ்ஸிலேயே 355 லிட்டர், எக்ஸ்7-ல் 326. பொங்கல் வைக்கப் போனால் அண்டா, விறகு, தேங்காய் மூட்டை, வாழையிலைக் கட்டு. எதை எங்கே வைப்பது? கூரையில் கேரியர் போட வேண்டும். இல்லையென்றால் அண்டாவைக் கோயில் பூசாரி வீட்டிலேயே ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்துவிட்டோம்.

பணக் கணக்கும் எழுதிவிடுகிறேன். ஷோரூம் விலை ஒரு கோடியை ஒட்டி என்றால் நம் மாநிலத்தில் ஆயுள் வரி மட்டும் 20 சதவீதம். அதுவே இருபது லட்சம், ஒரு நல்ல இன்னோவா கைக்கெட்டும் தூரம். அப்புறம் இன்ஷூரன்ஸ். மூலத்தில் பிடிக்கிற ஒரு சதவீத வரியை ஐடி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் சொல்லிவை. ஜிஎல்எஸ், எக்ஸ்7 எல்லாம் ஒன்றேகால் கோடிக்கு மேலே ஆரம்பம். வரியோடு பார்த்தால் வால்வோவுக்கும் அதற்கும் முப்பது லட்சத்துக்குக் குறையாத வித்தியாசம்.

அந்த முப்பது லட்சம் எதற்கு என்று யோசித்தேன். மாப்பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பதற்கு. ஆனால் மாப்பிள்ளையை யார் கடைசி வரிசையில் உட்கார வைக்கப் போகிறார்கள்? மூத்த மாப்பிள்ளை, அதுவும் ஒரே மாப்பிள்ளை. சம்பந்தி காதுக்குப் போனால் என்ன ஆகும்?

போன ஞாயிற்றுக்கிழமை வால்வோ ஆட்கள் அரைநாள் வண்டி கொடுத்தார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வரை போய் வரலாம் என்று ஏற்பாடு. வாசலில் எல்லோரும் நின்றபோது வழக்கம்போல அத்தை புடவையைச் சுருட்டினார். நான் சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். “நீங்க ஓட்டுங்க மாப்ள, எனக்கு மலையில கண்ணு கூசுது” என்றேன். பொய்தான். முன் சீட்டில் அம்மா. நடுவில் அத்தை, மகள், பேத்தி. நானும் வசந்தியும் பின்னால். எனக்கு ஐந்தடி ஆறங்குலம், 168 சென்டிமீட்டர். வால்வோ சொன்ன கணக்குக்கு இரண்டு சென்டிமீட்டர் மிச்சம்.

வளைவு ஆரம்பித்ததும் பின்னால் வண்டி ஊஞ்சல் மாதிரி அசைவது தெரிந்தது. அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறோம் அல்லவா. இரண்டாவது கொண்டை ஊசியில் வசந்தி எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்துகொண்டாள். முன்னால் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது. எனக்கு முன்னால் அத்தையின் தலை தெரிந்தது. நரைமுடியில் கொஞ்சமாகக் கனகாம்பரம். வெளியே பாக்குத் தோப்பு வந்ததும் ஜன்னலில் விரலை வைத்துப் பேத்திக்கு எதையோ காட்டிக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பர்லியாரில் இறங்கும்போது எனக்கு இடது கால் மரத்துவிட்டது. நொண்டிக்கொண்டே வெளியே வந்தேன். “எப்பிடி கண்ணு இருக்குது பொறத்தால?” என்று கேட்டார் அத்தை. “பரவால்லீங்க அத்தை, காத்து நல்லா வருது” என்றேன். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அத்தைக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை முன்பணம் கட்டிவிட்டேன். கலர் இன்னும் முடிவாகவில்லை. அம்மா வெள்ளை என்கிறார், அப்பா வண்டி வெள்ளை என்பதால். வசந்தி கறுப்பு. சேற்றுக்கும் தூசிக்கும் கறுப்பு ஆகாது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

உன் வீட்டுக் கணக்கு வேறு. உனக்கு இரண்டு பிள்ளைகளும் சின்ன உயரம். க்யூ7 கடைசி வரிசையே போதும். அந்த இன்ஜினை நீ ஓட்டினால் வேறெதையும் தொடமாட்டாய். ஆனால் முடிவு பண்ணும் முன் அப்பாவைக் கூட்டிப்போய் ஏற்றி இறக்கிப் பார். கண் கட்டு அவிழ்த்த பிறகு.

வண்டி தை பிறந்ததும் கைக்கு வரும் என்கிறார்கள். முதல் ஓட்டம் குலதெய்வம் கோயிலுக்கு. நீயும் தங்கச்சியும் வாருங்கள். இடம் எப்படி என்று யோசிக்காதே, பையனைப் பஸ்ஸில் வரச் சொல்லியாயிற்று, மாப்பிள்ளையும் மகளும் அவர்கள் காரில் வருகிறார்கள். பின்னால் எனக்குப் பக்கத்து சீட்டு உனக்கு. நீ 170-க்குள்தானே இருக்கிறாய்?

அன்புடன்,
சுந்தரம்