முன்வரிசையிலிருந்து ஒரு வரிசை பின்னால்

ஏற்காடு
டிசம்பர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கம்பெனியில் ஒரு வரிசை மெஷின்களுக்குப் பொறுப்பாளாக, லைன் இன்சார்ஜ் ஆனதிலிருந்து தூக்கமே இல்லை, பழையபடி மெஷினுக்கே போய்விடலாம் போல இருக்கிறது, ஆனால் "இறக்கிவிட்டுட்டாங்க" என்று நாலு பேர் பேசுவார்களே என்று எழுதியிருந்தாய். மற்ற செய்திகளையெல்லாம் தள்ளிவிட்டு அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குப் பதில் சொல்லத்தான் நாய்களைப் பற்றி எழுதப்போகிறேன். பொறுமையாகப் படி.

இந்த மழைக்காலம் முழுக்க ராத்திரிகளில் அலாஸ்காவின் பனிவண்டி நாய்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டிக்குக் கடிவாளமே கிடையாது, தெரியுமா? நம்ம ஊர் மாட்டுவண்டியில் மூக்கணாங்கயிறு ஓட்டுகிறவன் கையில் இருக்கும். அங்கே ஓட்டுகிறவன் எல்லாருக்கும் பின்னால், வண்டியின் சறுக்குக் கட்டைமேல் நிற்கிறான். நாய்கள் ஜோடி ஜோடியாக நடுக்கயிற்றின் இரண்டு பக்கமும் பூட்டப்பட்டிருக்கும். பெரிய பந்தயங்களில் பதினாறு வரைகூட இருக்கும். "ஜீ" என்றால் வலப்பக்கம், "ஹா" என்றால் இடப்பக்கம். அவனிடம் இருப்பது குரல் மட்டும்தான். அதைக் கேட்டு, வழியையும் பார்த்து, பின்னால் வருகிற அத்தனையையும் திருப்பிக்கொண்டு போவது முன்னால் ஓடுகிற லீடர் நாய்.

லீடர் என்றால் எல்லாவற்றையும் கடித்து அடக்கிவைக்கிற முரட்டு நாய் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சொன்னதைக் கேட்கவும் வேண்டும், பனிக்கட்டி மெலிந்த இடத்தில் "போ" என்றாலும் போகாமல் நிற்கவும் வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த புத்தி உள்ள நாய்தான் முன்னால் நிற்கும். பெரும்பலம் வேண்டியது கடைசி ஜோடிக்கு. வண்டி இடிக்கிற இடியெல்லாம் முதலில் அதுகள்மேல்தான் விழும். வளைவில் வண்டி மரத்தில் மோதாமல் அகலமாகத் திரும்ப வைப்பதும் அதுகள்தான். லீடருக்கு நேர் பின்னால் ஓடுகிற ஜோடி, திருப்பத்தில் லீடரோடு சேர்ந்து மற்றவற்றை வளைக்கும். நாளைய லீடர்கள் பெரும்பாலும் அங்கேதான் பழகுகின்றன.

உனக்காக நான் சொல்லவந்தது இதற்கு அடுத்த விஷயம். முன்னால் ஓடுகிற நாய்க்குக் கால் களைப்பதற்கு முன் மனசு களைத்துவிடும். வழி தெரியாத இடத்தில் வழி கண்டுபிடிப்பது, பின்னாலிருந்து வருகிற குரலுக்குக் காது கொடுப்பது, எதிர்க்காற்றை முதலில் வாங்குவது என்று எல்லாம் அதன் தலையில். அது நெடுநேரம் தாங்காது என்று அனுபவமுள்ள ஓட்டிகளுக்குத் தெரியும். அதனால் ஒரே வண்டியில் லீடராக ஓடத் தெரிந்த நாய்கள் பலவற்றை வைத்துக்கொள்கிறார்கள். ஒன்று சோர்ந்தால் வண்டியை நிறுத்தி, அதை அவிழ்த்து நடுவரிசையில் பூட்டிவிட்டு, இன்னொன்றை முன்னால் கொண்டுபோகிறார்கள். நடுவுக்கு வந்த நாய் யோசிக்க வேண்டியதில்லை, இழுத்தால் போதும். கொஞ்ச தூரத்தில் தெளிந்துவிடும். அப்படி மாற்றாமல் விரட்டினால் அது பனியில் படுத்துக்கொள்ளும். லீடர் படுத்துவிட்டால் எந்தச் சவுக்கும் வண்டியை நகர்த்தாது.

ஓட்டுகிறவன் ஏன் பின்னால் நிற்கிறான் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு நாய்க்கும் தனி இழுகயிறு உண்டு. எந்த நாய் இழுக்கவில்லையோ அதன் கயிறு தொய்ந்துவிடும். அது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். உன் கம்பெனி மேலாளர் எங்கே நின்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உன் கயிறு தொய்ந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். நீயே கடிதம் போட்டு என்னிடம் சொல்கிற நிலைமை வந்திருக்கக் கூடாது. அதில் எனக்குக் கோபம்தான்.

1925 ஜனவரிக் கடைசியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்தை நெனானா என்ற ஊர் வரை ரயிலில் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குமேல் சுமார் 1,085 கி.மீ. பனி. இருபது ஓட்டிகள், ஏறக்குறைய 150 நாய்கள், ஐந்தரை நாளில் மருந்து போய்ச் சேர்ந்தது. கடைசிக் கட்டத்தில் லீடராக ஓடிய பால்டோவுக்கு அந்த வருஷமே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் சிலை வைத்துவிட்டார்கள். அந்த ஓட்டிகளில் ஒருவரான லெனார்ட் செப்பலாவின் லீடர் டோகோ, பன்னிரண்டு வயது நாய், மருந்தை வாங்கப் போனதும் கொண்டுவந்ததுமாக சுமார் 420 கி.மீ. ஓடியிருந்தது. அதைப் பற்றிப் பேச ஆள் குறைவு. அந்த அநியாயத்தைத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகப் பட்டது வேறு. அந்த இருபது பேரில் ஒருவர்கூட முழுத் தூரத்தையும் ஓடவில்லை. பெரும்பாலும் அடுத்தவன் காத்திருந்த இடம் வந்ததும் மருந்தைக் கொடுத்துவிட்டு நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். யாராவது ஒருவர் "முழுத் தூரமும் நானே கொண்டுபோகிறேன்" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் மருந்து வழியிலேயே நின்றிருக்கும்.

எல்லா நாய்க் கதையும் இப்படி நல்லதில்லை. 1911-ல் தென் துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென் 52 நாய்களோடு புறப்பட்டார். முகாமுக்குத் திரும்பியவை 11. நடுவழியில் பெரும்பாலானவற்றைக் கொன்று மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்கிவிட்டார்கள். அது முன்கூட்டியே போட்ட கணக்கு. துருவத்தைத் தொட்டதால் அதை வெற்றி என்கிறோம். ஆட்களை அப்படித் தீர்த்துவிட்டு இலக்கைத் தொடுகிற கம்பெனிகளும் இருக்கின்றன. உன்னுடையது அந்த ரகம் என்றால் நான் சொல்வது எதுவும் அங்கே செல்லாது, வேறு இடம் பார்.

இங்கே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கிறது. சீசன் தொடங்கும்போதே எங்கள் மேஸ்திரியம்மா ஆபீசுக்கு வந்து, "எல்லார் மேலயும் கண்ணு வெச்சு என் கண்ணே எரியுது சார். இந்த வருசம் பழம் பறிக்கிறேன், வேற யாரையாவது போடுங்க" என்றார். கூடவே பறிக்கிற இன்னொரு அம்மாவைப் போட்டோம். சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் சொல்லி எழுதவைத்தேன். பனிவண்டி நாய்க்கும் சாப்பாடு வரிசையைப் பார்த்து அளக்கப்படுவதில்லை, உடம்பைப் பார்த்துத்தான். தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில் இரண்டு நாள் பேச்சு இருந்தது. இப்போது அவர் பக்கத்து வரிசையில் பறிக்கிற புதுப் பெண், காயைத் தொடாமல் சிவந்த பழத்தை மட்டும் எடுக்கப் பழகிவிட்டாள். மேஸ்திரியாக இருந்தால் அவருக்கு ஒரே ஆள் பக்கத்தில் அவ்வளவு நேரம் நிற்க முடிந்திருக்காது.

நாய்க்கு ஊர்ப்பேச்சு கிடையாது, மனுஷனுக்கு உண்டு. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். உனக்கு வீட்டுக் கடனும் இருக்கிறது. அதனால் ராஜினாமா மாதிரி எதையும் எழுதிக் கொடுக்காதே. ஆறு மாதம் மெஷினில் இருக்கிறேன், அதுவரை இன்னாரைப் போடுங்கள் என்று ஆளையும் சேர்த்துச் சொல். போன கடிதத்தில் ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தாயே, உனக்கு அடுத்து எல்லாம் பார்த்துக்கொள்கிறவன், அவன் பெயரைச் சொல். சம்பள விஷயத்தை வாய்வார்த்தையாக விடாமல் காகிதத்தில் வாங்கு. வீட்டில் தங்கச்சியிடம் முதலில் நீயே சொல்லிவிடு, வெளியாள் மூலம் தெரியவேண்டாம்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் இங்கே வா. சேலம் அஸ்தம்பட்டியில் மலை பஸ் ஏறினால் போதும், ஊருக்குள் அலைய வேண்டாம். பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், களத்தில் காப்பி காயும், பேச நேரம் நிறைய இருக்கும். மேலாளர் என்ன சொன்னார் என்று அதற்குள் ஒரு வரியாவது எழுது.

அன்புடன்,
ராஜு