விக் பக்கத்தில் பார்க்க வேண்டியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த ஸ்காட்லாந்து விக் ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லை, ஆஸ்பத்திரி விட்டால் வீடு என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போன கோடையில் நீ டூட்டிக்குப் போனபின் அப்பா ஊர் சுற்றிப் பார்த்ததை எழுதுகிறேன், லீவு நாளில் நீயும் போய்ப் பார்.

முதலில் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் மியூசியம். ஜான்ஸ்டன் குடும்பத்தார் மூன்று தலைமுறையாக எடுத்த போட்டோக்கள் அங்கே இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீனுக்கு ஐரோப்பாவிலேயே பேர்போன துறைமுகம் இது. படகுகளை விடு, மீன் குடலெடுக்கும் பெண்களின் கையைப் பார். கத்தி கீறாமலும், கீறின இடத்தில் உப்பு ஏறாமலும் இருக்க, விரல் விரலாகத் துணி சுற்றிக் கட்டியிருப்பார்கள்.

அப்புறம் வேலிகோ, தெற்கே காரில் கால் மணி நேரம்தான். செங்குத்தான பாறையில் கடல்வரை வளைந்து இறங்கும் படிகள், 365 என்று ஊரார் சொல்வார்கள், இப்போது இருப்பது 330க்குச் சற்று மேல். 1786இல் இங்கே வந்த டெல்ஃபோர்டு என்ற பொறியாளர் இது படுபயங்கரமான இடம் என்றார் (நீ குடியிருக்கும் புல்ட்னிடவுனுக்குப் பிளான் போட்டவரும் அவர்தான்). வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும், அந்தக் காலத்துப் பெண்கள் மீன்கூடையை முதுகில் சுமந்து ஏறி, அங்கிருந்து விக் வரை பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்துபோய் விற்றிருக்கிறார்கள்.

பேட்பே என்ற பாழடைந்த கிராமத்துக்கு மட்டும் கட்டாயம் போ. ஆட்டுப் பண்ணை வைக்க வேண்டும் என்று நிலக்காரர்கள் பள்ளத்தாக்குகளில் காலங்காலமாக இருந்த குடியானவர்களைக் கிளப்பிவிட, போக்கிடம் இல்லாமல் அவர்கள் வந்து வீடு கட்டிய இடம் இந்தக் கடலோரச் சரிவு. காற்று பாறைக்குக் கீழே தள்ளிவிடாமல் இருக்கப் பிள்ளைகளையும் கோழிகளையும் கயிற்றில் கட்டிவைத்தார்களாம், அதைப் படித்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். 1911இல் கடைசி ஆளும் போய்விட, இப்போது இடிந்த சுவர்கள்தான். நியூசிலாந்துக்குப் பிழைக்கப் போன ஒருவரின் மகன், அப்பா பிறந்த ஊர் என்று அங்கே நினைவுத்தூண் எழுப்பியிருக்கிறார். நார்த் கோஸ்ட் 500 என்ற சுற்றுலாப் பாதையில் போகிறோம் என்று அந்த ரோட்டில் பறக்கிறவர்கள் பாதிப்பேர் இறங்கிப் பார்ப்பதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம்.

கார் நிறுத்த இடம் உண்டு, கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். காற்று பலமான நாளில் வேண்டாம், நல்ல ஷூ போட்டுக்கொள். அடுத்த முறை அம்மாவையும் கூட்டிவருகிறேன், முழங்கால் வலியோடு அவளால் வேலிகோ படி இறங்க முடியாது, மியூசியத்துக்கு நீயே அழைத்துப் போய்க் காட்டு.

அன்புடன்,
அப்பா