எருதுகள் நிற்கும் கோபுரம்

பாரிஸ்,
அக்டோபர் 20

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. மயிலைக் காளை ஜோடியை விற்றுவிட்டதாக ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். அந்த ஒரு வரியை எழுத உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போன வியாழக்கிழமை ஓர் ஊருக்குப் போய் வந்தேன். அங்கே பார்த்ததை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஊர் பெயர் லான். லியோன் இல்லை, அது தெற்கே இருக்கும் பெரிய நகரம். இது பாரிஸுக்கு வடகிழக்கே, ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். இருபத்தைந்தாயிரம் பேர் இருந்தாலே அதிகம். மருமகன் ஒரு படத்தைக் காட்டி, “மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும்” என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். மகள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

வழியெல்லாம் தட்டையான நிலம். சர்க்கரைக்காகப் பயிரிடும் பீட்ரூட்டைத் தோண்டி வயலோரம் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். திடீரென்று அந்தச் சமவெளியின் நடுவே ஒரு மேடு எழும்புகிறது, நூறு மீட்டர் உயரம் இருக்கும். அதன் உச்சியில் ஊர், ஊருக்கு மேலே கோபுரங்கள். ‘முடி சூடிய மலை’ என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. நம் சென்னிமலையைத் தூரத்திலிருந்து முதலில் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, எனக்கு அப்படித்தான் இருந்தது.

ரயில் நிலையம் அடிவாரத்தில் இருக்கிறது. கம்பிவடத்தில் ஓடும் ஒரு குட்டி ரயில் 1989 முதல் மேலே ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்ததாம். 2016-ல் நிறுத்திவிட்டார்கள். பேருந்து உண்டு, ஆனால் நான் படியேறினேன். முழங்கால் வலித்தது. சரி, மலைக்கு வந்துவிட்டு ஏறாமல் இருப்பதா?

உச்சியில் மாதா கோயில். நோத்ர தாம் என்றால் மாதா என்றுதான் பொருள். பாரிஸில் எரிந்துபோய்த் திருப்பிக் கட்டினார்களே, அதைவிடச் சில ஆண்டுகள் முன்பே, 1155 வாக்கில் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டு வேலை. முகப்பின் இரண்டு கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்தில், தூண்களுக்கு இடையிலிருந்து எருதுகள் எட்டிப் பார்க்கின்றன, சுப்பு! மொத்தம் பதினாறு. கொம்பும் கழுத்துமாக, மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கும் மாடு கீழே வந்த வழியைப் பார்ப்பதுபோல. பேரன் கொடுத்த தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தக் கல்லையெல்லாம் சமவெளியிலிருந்து மேலே இழுத்து வந்த மாடுகளுக்கு நன்றியாக வைத்தவை என்பதுதான் இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. 1205-ல் செர்மிசி என்ற ஊரின் கல்குழியைக் கோயிலுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து மலையடி வரைக்கும் இழுத்து, பிறகு இந்த மேட்டையும் ஏற வேண்டும். பாரவண்டி மேட்டில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க ஓடியவர்கள் நாம்.

அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 1112-ல் ஊர்க்காரர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியிருந்தார்கள். பிஷப் அரசனுக்கு அதைவிடக் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி அந்த உரிமையை ரத்து செய்ய வைத்தார். ஊர் பொங்கி எழுந்தது. பீப்பாய்க்குள் ஒளிந்திருந்த பிஷப்பை வெளியே இழுத்துக் கொன்றார்கள். அன்று பிடித்த தீயில் பழைய கோயில் எரிந்தது. அதைச் செப்பனிடச் சாமான் ஏற்றிய வண்டி மலையேறும்போது ஒரு மாடு சோர்ந்து விழுந்துவிட்டது. வண்டிக்காரர் திகைத்து நிற்க, எங்கிருந்தோ வேறொரு மாடு ஓடி வந்து தானாகவே நுகத்துக்குக் கழுத்தைக் கொடுத்ததாம். பாரம் மேலே சேர்ந்ததும் யாரும் ஓட்டாமலேயே வந்த வழியே திரும்பிப் போய்விட்டதாம். கிபேர் என்ற துறவி, அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர், இதை எழுதி வைத்திருக்கிறார்.

இதை அதிசயம் என்று அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு உன் அப்பாவின் செவலைதான் நினைவுக்கு வந்தது. ஜோடி மாடு செத்த பிறகும் காலையில் தானே வந்து வண்டிப்பக்கம் நிற்குமே! சென்னிமலையில் அபிஷேகத் தண்ணீரைச் சுமந்து 1320 படியும் ஏறும் காளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தத் துறவி எழுதியதை நம்ப எனக்குக் கஷ்டமே இல்லை.

கோயிலுக்குள்ளும் போனேன். 110 மீட்டர் நீளம், நான்கு அடுக்காக எழும்பும் சுவர், எல்லாம் வெளிர்க்கல். வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் அதில் பட்டுப் பரவுகிறது. வடக்குப் பக்க வட்டச் சன்னலில் இலக்கணம், கணிதம், இசை என்று கலைகளையெல்லாம் பெண்ணுருவங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் தேடி வந்த பள்ளி இந்த ஊரில் இருந்தது. அழகுதான். ஆனால் பாதியில் வெளியே வந்து மறுபடி எருதுகளுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். புளிச்சோற்றையும் அங்கேதான் சாப்பிட்டேன்.

பிற்பகலில் மதில்மேல் நடந்தேன். தெற்கே ஒரு நீண்ட மேட்டுவரிசை தெரிகிறது. முதல் உலகப் போரின்போது, 1917 ஏப்ரலில் அங்கே நடந்த சண்டையில் ஆயிரமாயிரம் பேர் செத்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கூட்டி வந்த பையன்களும் அவர்களில் உண்டு. நான்கு வருடம் ஜெர்மானியர் கையில் இருந்த ஊர் இது. எருதுகள் மேலே இருந்து அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்கு அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

அப்புறம் ஒன்று. லெ நேன் என்று மூன்று சகோதரர்கள், இந்த ஊரில் பிறந்த ஓவியர்கள். அரசர்களையும் பிரபுக்களையும் வரைந்த காலத்தில் குடியானவர் வீட்டை வரைந்தவர்கள். அவர்கள் 1641-ல் தீட்டிய ‘வண்டி’ என்ற ஓவியம் பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேற்று அதைத் தேடிப் போய்ப் பார்த்தேன். பாரவண்டி, அதன்மேல் ஏறிக்கொண்ட பிள்ளைகள், கீழே பன்றிகள். ஒரு களத்துமேட்டுப் பொழுது, அவ்வளவுதான். அதற்கு முன்னால் கூட்டமே இல்லை. நிம்மதியாக நின்று பார்த்தேன்.

விற்றதற்காக உன்னை நான் எதுவும் சொல்ல மாட்டேன். தீவனம் விற்கிற விலைக்கும் உன் இடுப்பு வலிக்கும் நீ இவ்வளவு நாள் வைத்திருந்ததே பெரிது. ஆனால் கட்டுத்தரையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணப் போவதாகப் பெரியவன் சொல்கிறான் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் தை வரைக்கும் தள்ளிப்போடு. பட்டிப் பொங்கலுக்கு நான் அங்கே இருப்பேன். மாடு இல்லாவிட்டாலும் அங்கேயே பொங்கல் வைப்போம்.

இந்த உறைக்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். இடது கோபுரத்தில், மழைத்தண்ணீர் பட்டுக் கறுத்த எருது ஒன்று. கழுத்தைப் பார். நுகம் தேய்த்துத் தேய்த்துத் தடித்துப் போகுமே, அந்த இடத்தை உன் கண் முதலில் தேடும்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்
ராமசாமி